இறக்காத சீட்டு

2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் குஜராத்தின் பூஜ் நகரத்து இளைஞர் தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். அவர் ஓடவுமில்லை, எறியவுமில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து ‘ஹார்த்ஸ்டோன்’ என்ற சீட்டுப் போர் விளையாடினார். மின்விளையாட்டுகளை அந்த முறை காட்சிப் போட்டியாகத்தான் சேர்த்திருந்தார்கள். அதனால் அந்த வெண்கலம் இந்தியாவின் பதக்கக் கணக்கில் ஏறவில்லை. அது கிடக்கட்டும். எந்தச் சீட்டு எப்போது கைக்கு வரும் என்பது அதிர்ஷ்டம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒருவர் நாடு நாடாக வந்த ஆட்களைத் தாண்டி மூன்றாமிடம் பிடிக்கிறார் என்றால் அவர் எதில் கெட்டிக்காரர்? இந்த ஆட்டக்காரர்களைக் கேட்டால், எதிராளி அடுத்து என்ன செய்வான் என்பதை அவனுக்கு முன்னே அறிவதில் என்பார்கள்.

இந்தக் கெட்டித்தனம் இலங்கை மலையகத்துப் பதுளைக்குப் புதிதில்லை. ஹாலி-எல, பசறை, மடுல்சீமை, நமுனுகுல என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும் லயத்து வாசலில், சாவு வீட்டு இராவிழிப்பில், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஊர்ந்து வரும் பதுளை ரயிலில் காட்ஸ் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே வீட்டுப் பிள்ளைகள் போனில் சீட்டுப் போர் ஆடுகிறார்கள். பெரியவர்களுக்கு அது விரல் விளையாட்டு; பிள்ளைகளுக்குக் காட்ஸ் கிழவர்களின் பொழுதுபோக்கு. இரண்டு பக்கமும் ஒன்றைக் கவனிக்கவில்லை என்பது என் கட்சி. இரண்டிலும் வேலை செய்வது ஒரே மூளைப் பழக்கம். மனதைப் படிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதில் முக்கால்வாசி வெறும் எண்ணிக்கை. அதிலும் இறங்கிய சீட்டை எண்ணுவது சுலபம். இறங்கியிருக்க வேண்டிய நேரத்தில் இறங்காத சீட்டை எண்ணுவதுதான் வித்தை.

முதலில் ஓமி என்ற சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏழிலிருந்து ஆசு வரை 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே இரண்டு சோடி. ஆளுக்கு நாலு சீட்டு போட்டதும் பிரிப்பவருக்கு வலப்பக்கம் இருப்பவர் துரும்பு சொல்ல வேண்டும். மிச்சம் நாலு பிறகுதான் வரும். அந்த முதல் நாலும் நாலு இனமாக விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? நாலு சீட்டு 35,960 விதமாக வரலாம். ஒவ்வொன்றும் வேறு இனமாக இருப்பது அதில் 4,096 விதம்தான், அதாவது நூற்றுக்குப் பதினொன்று. ஆகவே ஒருவர் துரும்பு ஆட்டின் என்று வாய் திறந்த கணமே அவர் கையில் ஆட்டின் குறைந்தது இரண்டு கிடக்கிறது என்று மற்ற மூவரும் வைத்துக்கொள்ளலாம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்கூட இதைக் கணக்காக எழுதாமலே அறிந்திருப்பார். அவர் தவறவிடுவது வேறு இடத்தில். துரும்பு சொன்னவர் முதல் இரண்டு பிடியில் துரும்பை இழுக்கவில்லை என்றால் அது ஏன் என்று அவர் கேட்பதில்லை. கையில் துரும்பு பலமாக இருக்கிறவன் பொதுவாக அதை இழுத்து மற்றவர்களை வறளவைக்கத்தான் பார்ப்பான்.

304 என்ற ஆட்டம் இன்னும் நுட்பம். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்தில் 76, நாலு இனத்திலும் சேர்த்து 304. இங்கே துரும்பைச் சொல்வதில்லை, கேட்டு எடுப்பார்கள். யார் கூடக் கேட்கிறாரோ அவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார். அந்தச் சீட்டின் இனம்தான் துரும்பு. அது என்னவென்று அவரைத் தவிர வேறு எவருக்கும், எதிரே இருக்கும் சோடிக்குக்கூடத் தெரியாது. கேட்ட இனம் கையில் இல்லாதவர் தன் சீட்டையும் கவிழ்த்தே போடுகிறார். துரும்புக்காரர் அதைத் தூக்கிப் பார்க்கிறார். துரும்பு விழுந்திருந்தால் அங்கேயே வெளிச்சமாகிவிடும், இல்லாவிட்டால் இரகசியம் தொடரும்.

இப்படி ஓர் ஆட்டத்தில் எதிராளியை ஊகிப்பது என்றால் என்ன? மூன்று பேர் ஒரே புதிரை மூன்று கோணத்தில் அவிழ்க்கிறார்கள். ஒருவர் கிளாவரை இரண்டு தடவை தொடாமல் தாண்டினார்; கிளாவர் இல்லாமலா, கிளாவர்தான் துரும்பு என்பதாலா? சீட்டைக் கவிழ்த்துப் போட்ட கணத்திலேயே, போட்டவரின் கையில் எந்த இனம் வறண்டது என்பது ஊருக்கே தெரிந்துபோகிறது. ஒவ்வொரு பிடியிலும் ஒரு பொய் செத்து ஓர் உண்மை பாக்கியாகிறது. கேள்வியை உயர்த்துவதும் இதே கணக்குக்குள் வரும். கை நிரம்பியவன் மட்டும்தான் உயர்த்துவான் என்றால் அவன் உயர்த்தும்போதெல்லாம் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். ஆகவே வெறுங்கையோடும் இடைக்கிடை உயர்த்தத்தான் வேண்டும். சோடிக்குக் காது சொறிந்து காட்டுவது, தொண்டையைக் கனைப்பது போன்ற கள்ளச் சைகைகளும் உண்டு. அவற்றை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஆனால் அவற்றுக்கு மரபின் அந்தஸ்து கொடுக்கத் தயங்காத ஆட்டக்காரர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள்.

போனுக்கு வந்ததும் முகம் போய்விடுகிறது, தொண்டைக் கனைப்பு போய்விடுகிறது, சோடியும் போய்விடுகிறது. எஞ்சுவது கணக்கு. 2014 இல் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட ஹார்த்ஸ்டோனில் ஆளுக்கு 30 சீட்டுக் கட்டு. அதை அவரவரே முன்கூட்டித் தேர்ந்து கொண்டுவர வேண்டும். ஒரு சீட்டு இரண்டுக்கு மேல் கூடாது, சில அபூர்வச் சீட்டுகள் ஒன்றுதான். மானா என்ற செலவுச் சக்தி முதல் சுற்றில் 1, பிறகு சுற்றுக்கு ஒன்றாகக் கூடி 10 இல் நிற்கும். எந்தச் சீட்டு எந்தச் சுற்றிலிருந்து சாத்தியம் என்பது இதனால் தானே தெரிந்துவிடுகிறது.

பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சூடுபட்ட ஓர் உதாரணம், மந்திரவாதி வகுப்பின் ஃபிளேம்ஸ்ட்ரைக். ஆட்டம் வெளிவந்த காலத்தில் அதன் விலை 7 மானா. எதிராளியின் மேசையில் உள்ள படை முழுவதுக்கும் 4 சேதம். எதிராளி மந்திரவாதி; ஏழாவது சுற்று நெருங்கும்போது உன் மேசையில் சின்னப் படைகள் நாலைந்து நிற்கின்றன. இன்னும் இறக்குவதா, கையில் பிடித்துக்கொள்வதா? கணக்குப் போடலாம். அவன் முதலில் ஆடத் தொடங்கியவன் என்றால் மூன்று சீட்டோடு ஆரம்பித்துச் சுற்றுக்கு ஒன்று எடுப்பான். ஏழாம் சுற்றில் 10 சீட்டுப் பார்த்திருப்பான். கட்டில் ஃபிளேம்ஸ்ட்ரைக் இரண்டு இருந்தால் இந்தப் பத்தில் ஒன்றாவது வந்திருக்க வாய்ப்பு ஏறத்தாழ 56 விழுக்காடு. (தொடக்கத்தில் பிடிக்காத சீட்டை மாற்றிக்கொள்ளும் உரிமையை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.) பாதிக்கு மேல் என்பதால் கையில் பிடிப்பது நியாயம்.

இப்போது ஏழாம் சுற்று வந்து போகிறது. உன் படை மேசையில் நிறைந்து நிற்கிறது, அவன் அதை இறக்கவில்லை. கையில் இருந்திருந்தால் பத்துக்கு ஒன்பது தடவை இறக்கியிருப்பான் என்று வைத்துக்கொள். அந்த 56, ஒரே சுற்றில் 11 ஆக விழுந்துவிடுகிறது. அவன் எதையும் காட்டவில்லை, சொல்லவில்லை. சும்மா இருந்ததே செய்தி. எட்டாவது சுற்றில் அவன் அந்தச் சீட்டைப் புதிதாக எடுக்கலாம் என்ற சின்ன ஆபத்து நிற்கிறது. மற்றபடி பழைய பயத்தோடு படையைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவன் கணக்கைப் புதுப்பிக்க மறந்தவன். இந்தத் திருத்தக் கணக்குக்கு அடி போட்டது தோமஸ் பேஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதிவைத்த கட்டுரை. அவர் இறந்த பிறகு 1763 இல் அச்சேறியது. சாவு வீட்டில் விடிய விடிய 304 அடிக்கிறவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கணக்கை மட்டும் பேரைச் சொல்லாமல் செய்துகொண்டிருப்பார்.

ஹார்த்ஸ்டோன் வேறு சில தடயங்களையும் விட்டுவைக்கிறது. எதிராளி எந்தச் சீட்டின் மேல் விரலையோ மவுஸையோ கொண்டுபோகிறான் என்பது இந்தப் பக்கத்துத் திரையில் தெரியும். புதிதாக எடுக்கும் சீட்டு கையின் ஒரே ஓரத்தில் சேர்வதால், தொடக்கத்திலிருந்து மறு ஓரத்தில் அசையாமல் கிடப்பது அவன் வேண்டுமென்றே வைத்துக்கொண்டது என்று ஊகிக்கலாம். விலை குறைந்ததாக இருந்தால் இதற்குள் இறங்கியிருக்கும். இறங்காததால் அது விலை கூடியது, அல்லது ஏதோ ஒரு தருணத்துக்குக் காத்திருப்பது. இங்கேயும் பேசுவது இறக்காத சீட்டுதான்.

தடயங்களில் நான் நம்பாதது நேரம். நீண்ட நேரம் யோசிக்கிறவனுக்குக் கை சிக்கல், சட்டென்று இறக்குகிறவனுக்குத் திட்டம் தயார் என்பது இந்த ஆட்டக்காரர்களின் வேதவாக்கு. கொழும்பில் அது ஓரளவு சரியாக இருக்கலாம். மலைச்சரிவு லயத்தில் சிக்னல் ஒரு கோடு வந்து ஒரு கோடு போகும். ‘என்ன மச்சான், யோசிக்கிறியா, சிக்னல் போச்சா?’ என்று பக்கத்தில் இருப்பவன் கேட்பது வேடிக்கைக்கு மட்டுமில்லை. எதிராளிக்கும் அதே குழப்பம். மௌனம் யோசனையா வலையமைப்பா என்று பிரித்தறிய முடியாத இடத்தில் மௌனத்தை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது.

கணிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் எலி புர்ஸ்டைன் 2014 இல் லாஸ் வேகஸின் டெஃப்கொன் மாநாட்டில் ஒரு கருவியைக் காட்டினார். முன்பு ஆடப்பட்ட ஹார்த்ஸ்டோன் ஆட்டங்களின் பதிவுகளை எடுத்து, எந்தச் சீட்டோடு எந்தச் சீட்டு சேர்ந்து வருகிறது என்று சோடி சோடியாக எண்ணினார். அவ்வளவுதான். எதிராளியின் குணம், பழக்கம், முகம் எதுவும் அதில் இல்லை. மூன்றாம் சுற்றுக்கும் ஐந்தாம் சுற்றுக்கும் இடையில் அந்தக் கருவியின் முதன்மைக் கணிப்பு 95 விழுக்காட்டுக்கு மேல் பலித்தது. ஆட்டத்தை உருவாக்கியவர்களோடு பேசிய பிறகு அவர் கருவியைப் பொதுவில் விடவில்லை.

அது ஏன் அவ்வளவு சரியாகப் பலித்தது? கருவி புத்திசாலி என்பதைவிட, ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியவர்கள் என்பதே காரணம். வென்றவனின் 30 சீட்டையும் ஆயிரம் பேர் அப்படியே கட்டிக்கொள்கிறார்கள். அதில் மூன்று சீட்டைக் கண்டவன் மிச்சம் இருபத்தேழையும் கண்டமாதிரிதான். அந்த நேரத்தில் நீ ஊகிப்பது எதிரே இருப்பவனை இல்லை, அவன் யாரிடமிருந்து நகல் எடுத்தானோ அந்தக் கூட்டத்தை. எல்லோரும் பயன்படுத்தும் கட்டில் யாரும் எதிர்பார்க்காத ஒரே ஒரு சீட்டை மாற்றி வைப்பவனுக்கு இதனால்தான் பலன். அந்தச் சீட்டு பலவீனமானதாகவே இருக்கட்டும், எதிராளியின் கணக்கில் அது இல்லையே.

கிளாஷ் ரோயலுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை, அது கிட்டத்தட்ட முழுக் கணக்கு. பின்லாந்தின் சுப்பர்செல் 2016 இல் வெளியிட்டது. எட்டே சீட்டு; நாலு கையில், நாலு வரிசையில். இறக்கிய சீட்டு வேறு நாலு இறங்கிய பிறகுதான் திரும்பக் கைக்கு வரும். எட்டையும் ஒரு தடவை பார்த்து ஒழுங்கை நினைவில் வைத்தவனுக்கு எதிராளியின் கை கண்ணாடி. எலிக்ஸர் என்ற சக்தி சாதாரண வேகத்தில் 2.8 விநாடிக்கு ஒன்று ஊறும், 10 க்கு மேல் தேங்காது. நிறைந்த பத்தில் எட்டைச் செலவழித்துக் கோலெம் என்ற பூதத்தை ஒருவன் இறக்கினால் அவனிடம் இருப்பது இரண்டு. எட்டரை விநாடி கழிந்தாலும் ஐந்துதான். அந்த இடைவெளியில் மறுபக்கத்துக் கோபுரத்தில் ஏறி அடிப்பது துணிச்சல் மாதிரித் தெரியும். எண்ணுகிறவனுக்கு அது கடையில் மிச்சக்காசு வாங்குவது மாதிரி.

எண்ணிக்கை முடிகிற இடத்தில்தான் உண்மையான சிக்கல் ஆரம்பம். 2022 அக்டோபரில் வந்த மார்வல் ஸ்னாப்பில் 12 சீட்டு, மூன்று இடம், ஆறு சுற்று. இருவரும் ஒரே நேரத்தில் மறைவாக வைக்கிறார்கள், பிறகுதான் திறக்கும். அவன் நடு இடத்துக்கு வருவான் என்று நினைத்து நான் அங்கே தடை போடுகிறேன்; நான் தடை போடுவேன் என்று நினைத்து அவன் வலப்பக்கம் போகிறான்; அதையும் நினைத்து நான்... இந்த ஏணிக்கு முடிவில்லை. ஆனால் மனிதர்கள் எத்தனை படி ஏறுகிறார்கள் என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பொருளியலாளர் ரோஸ்மேரி நாகல் 1995 இல் வெளியிட்ட ஆய்வு அது. பூச்சியத்திலிருந்து நூறு வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடு. எல்லோருடைய சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு யார் கிட்டவோ அவருக்குப் பரிசு. தர்க்கத்தை முழுக்கப் பின்தொடர்ந்தால் விடை பூச்சியம். ஆட்களோ 33, 22 என்ற எண்களைச் சுற்றியே அதிகம் குவிந்தார்கள். அதாவது ஒரு படி, மிஞ்சிப்போனால் இரண்டு படி. இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது: எதிராளியைவிட ஒரே ஒரு படி மேலே நில். நாலு படி ஏறிவிட்டால் அவன் கீழே நின்று செய்யும் எளிய காரியம் உன் கண்ணில் படாது. அளவுக்கு மீறி யோசித்துத் தோற்பதற்குக் கெட்டிக்காரன் என்ற பெயர் கிடைக்காது.

மனிதர்கள் சுழற்சிக்குள் விழுவதற்கும் சான்று உண்டு. 2014 இல் சீன ஆய்வாளர்கள் 360 மாணவர்களை ஆறு ஆறு பேராகப் பிரித்துக் கல், கத்தரிக்கோல், காகிதம் ஆட்டத்தை 300 சுற்று ஆடவிட்டார்கள். கூட்டாகப் பார்த்தால் மூன்றையும் சம அளவில்தான் காட்டினார்கள். உள்ளே நுழைந்து பார்த்தால், வென்றவர் அதையே திரும்பக் காட்டும் பக்கம் சாய்ந்தார், தோற்றவர் ஒரு திசையில் மாறினார். தோற்ற கையோடு மறுபடி ‘விளையாடு’ பொத்தானை அழுத்துகிற எந்தப் பிள்ளையையும் பாருங்கள். தன்னைத் தோற்கடித்த கட்டுக்கு எதிரான கட்டை அப்போதே எடுத்திருப்பான். அவனைக் கணிப்பது கஷ்டமில்லை.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று இருக்கிறது, அது பலமானதும்கூட. எதிராளியை ஊகிக்கவே வேண்டாம், நீ ஊகிக்கப்படாமல் இருந்தால் போதும் என்பது அதன் வாதம். பிரெஞ்சுக் கணித அறிஞர் எமில் பொரெல் 1921 இல் தொடங்கிய சிந்தனையை ஜோன் வொன் நொய்மன் 1928 இல் நிறுவினார்: இருவர் ஆடும், ஒருவர் வெல்வது மற்றவர் இழப்பதான ஆட்டத்தில், செய்கைகளைச் சரியான விகிதத்தில் கலந்து ஆடினால் எதிராளி என்ன செய்தாலும் உன் நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. 304 இல் வெறுங்கையோடு இடைக்கிடை உயர்த்துவதற்கு இதுவே கணித நியாயம். எத்தனை தடவைக்கு ஒரு தடவை பொய் சொல்ல வேண்டும் என்பதற்கும் விகிதம் உண்டு.

இந்தக் கட்சியின் பெரிய வெற்றி போக்கரில் வந்தது. 2015 இல் கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழகக் குழு, இருவர் ஆடும் வரம்புள்ள போக்கரைக் கிட்டத்தட்ட முழுவதும் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டுவோமஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுணும் உருவாக்கிய லிப்ராட்டஸ், நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு பிட்ஸ்பேர்க்கில் 1,20,000 கை ஆடி எல்லோரையும் வென்றது. அது அவர்களில் எவரையும் படிக்கவில்லை. பகலில் ஆடி, இரவில் தன் சொந்த ஓட்டைகளை அடைத்தது. எதிராளியின் பலவீனத்தைத் தேடாமல் தன் பலவீனத்தைத் தேடியது.

இரண்டு கட்சிக்கும் நடுவில் தீர்ப்பு சொல்லச் சொன்னால் நான் எதிராளியைப் பார்த்துச் சொல்வேன். லிப்ராட்டஸ் மாதிரி சமநிலையில் ஆடுகிறவன் தோற்காமல் இருப்பான். ஆனால் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிற எதிராளியிடமிருந்து கறக்க வேண்டியதைக் கறக்க மாட்டான். தர வரிசையில் நடுவில் நிற்கும் எவருக்கும் எதிரே வருகிறவர்கள் நகல் கட்டோடும் நிலையான பழக்கத்தோடும் வருகிறார்கள். அங்கே கணிப்பே லாபம். மேலே போகப் போக எதிராளியும் உன்னை எண்ணுகிறான். அப்போது உன் பழக்கம் உனக்கே கடன். ஒரே தோட்டத்தில் ஒரே நாலு பேர் வருஷக்கணக்காக 304 அடிக்கும்போதும் இதுதான் நடக்கிறது: இன்னார் பொய்க் கேள்வி கேட்பதில்லை என்று பெயரெடுத்தவர், வாழ்நாளில் ஒரு தடவை கேட்கும் பொய்யில் அந்தப் பெயரை மொத்தமாகக் காசாக்குகிறார்.

கணிப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயன்படாத இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கிளாஷ் ரோயலில் சீட்டுக்கு மட்டம் உண்டு. ஆடி ஆடியும் உயர்த்தலாம், காசு கொடுத்தும் உயர்த்தலாம். எதிராளியின் அடுத்த சீட்டு, அவன் எலிக்ஸர், இறக்கப் போகும் பக்கம் எல்லாம் சரியாகச் சொன்ன பிள்ளை, மட்டம் போதாத சீட்டால் தடுத்துத் தோற்கிறான். ரீலோட் போடவே நாட்சம்பளத்தைப் பார்த்திருக்கும் வீட்டில் அவனுக்கு அது ஊகத்தின் தோல்வி மாதிரித் தெரியும். அப்படி இல்லை. மட்டத்தைச் சமப்படுத்தும் சவால் ஆட்டங்களில் ஆடிப் பார்த்தால்தான் தன் கணிப்பு எவ்வளவு தேறும் என்று அவனுக்குத் தெரியும்.

கடைசியாக, யந்திரம் இன்னும் தயங்குகிற ஒரு மூலை. 2022 மார்ச்சில் பாரிஸில் நூக்கை என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ‘நூக்’ என்ற நிரல் எட்டு உலகச் சாம்பியன்களைப் பிரிட்ஜ் ஆட்டத்தில் மிஞ்சியது. செய்தியின் பின்பகுதியைப் பலர் வாசிக்கவில்லை: கேள்வி கேட்டு ஏறும் ஏலக் கட்டத்தை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தை முன்கூட்டியே நிர்ணயித்து, சீட்டு இறக்கும் பகுதியை மட்டும்தான் அங்கே ஆடினார்கள். தன் கையைச் சோடிக்குப் புரியவைக்கும் பேச்சு அந்தப் போட்டியில் இல்லை. இருவர் போக்கரில் சோடியே கிடையாது. ஹார்த்ஸ்டோனிலும் ஸ்னாப்பிலும் கிடையாது. 304 இலோ கேள்விதான் ஆட்டத்தின் பாதி. கேட்பவரின் சொல்லை எதிரே இருக்கும் சோடி ஒரு விதமாகவும் பக்கத்தில் இருக்கும் எதிராளிகள் இன்னொரு விதமாகவும் வாசிக்க வேண்டும், துரும்போ கவிழ்ந்து கிடக்கும். அந்த ஆட்டத்தைப் போனில் எழுதி விட்டிருக்கிறார்கள். அதில் யந்திரத்தைச் சோடியாகப் போட்டு ஆடிப் பார்த்தவர்களுக்கு எரிச்சல் எங்கே வருகிறது என்று கேளுங்கள்: நான் கேட்ட கேள்வி அதுக்கு விளங்கவில்லை என்பார்கள்.